பன்னிரண்டு கடகம்

எமிலியானுஸ் வீட்டு விறாந்தையில் அன்று ஆறு பேர் இருந்தார்கள். வீட்டுக்காரர் எமிலியானுஸ். அவருடைய மனைவி அல்போன்சம்மா. பக்கத்து வீட்டு மாக்கிறேற். கொஞ்சம் சீனி கேட்டு வந்தவர், சீனி கிடைத்த பிறகும் போகாமல் நின்றார். வேலணையிலிருந்து ஓட்டோ ஓட்டி வந்த டெனிஸ்ரன். அந்த ஓட்டோவின் பின் ஆசனத்தில் வழி முழுவதும் முதுகு சாயாமல் இருந்து வந்த சறோஜினிதேவி. யாழ்ப்பாணக் கச்சேரியில், அதாவது அரசாங்க அதிபர் அலுவலகத்தில், முப்பத்தொரு வருடம் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய தமையன் மகள் கம்சிகா; கழுத்தில் கமெரா தொங்கியது. ஏழாவதாக எவரும் இருக்கவில்லை.

இடம் ஊர்காவற்றுறை. காலம் 2004ஆம் ஆண்டு பங்குனி மாதம், முற்பகல். விறாந்தையின் நடுவில் ஒரு பனையோலைக் கடகம் இருந்தது. அதற்குள் ஒரு பிறசர் குக்கர், ஒரு சேலை, உடுக்க இரண்டு சாரம், பால்மா, ஒரு ரின் பிஸ்கட். கடகத்தின் பக்கத்தில் சிவப்பு மையால் 'மார்க்கண்டு - 1' என்று எழுதியிருந்தது. ரொறன்ரோவில் இருக்கும் மகன் டினேஷ், கணினியில் ஒரு இன்ரநெற் கடையின் படங்களைப் பார்த்துத் தெரிவு செய்து, அங்கிருந்தே காசு கட்டித் தாய் தகப்பனுக்கு அனுப்பிய சாமான் அது. அந்த இன்ரநெற் கடை ஒரு வாசலில் கொண்டுவந்து இறக்கிய முதற் சாமானும் அதுதான்.

"என்ரை ஆண்டவரே, குக்கரோ! இவன் டினேசுக்கு விசர்," என்றார் அல்போன்சம்மா. விசர் என்று சொன்ன வாய் காது வரை விரிந்திருந்தது.

"விசர் இல்லை அன்ரி, பாசம்," என்றார் டெனிஸ்ரன். "நான் என்ரை அம்மாவுக்கு இதுவரைக்கும் வாங்கிக் குடுத்தது ஒரு அகப்பை மட்டும்தான்."

"அதாலைதான் உனக்கு அடி விழுந்ததாக்கும்," என்றார் மாக்கிறேற்.

எல்லோரும் சிரித்தார்கள். கம்சிகா கமெராவைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோனாள்.

"அங்கிள், அன்ரி, ரெண்டு பேரும் கடகத்துக்குப் பின்னாலை நில்லுங்கோ. அன்ரி, நீங்கள் கடகத்தைக் கொஞ்சம் தூக்கிப் பிடியுங்கோ. நம்பர் தெரியோணும். ஆ, அப்பிடித்தான். சிரியுங்கோ."

அல்போன்சம்மா குனிந்து கடகத்தின் விளிம்பில் கை வைத்தார்.

"வை அதை," என்றார் எமிலியானுஸ்.

அதுவரை கதிரையில் காலை நீட்டி இருந்த மனிதர் காலை மடக்கி நிமிர்ந்தார். குரல் உயரவில்லை.

"பிள்ளை, தொண்ணூற்றாறிலை நாங்கள் முகாமிலை கிடந்தனாங்கள். படம் எடுக்கிற ஆக்கள் வந்தவை. அரிசிச் சாக்கைத் தூக்கிப் பிடி எண்டவை, பிடிச்சனான். சிரி எண்டவை, சிரிச்சனான். அந்தப் படம் ஒரு கலண்டரிலை வந்தது. இந்தா இந்தச் சாமானை அனுப்பினவன், என்ரை மகன் டினேஷ், அந்தக் கலண்டரை வெளிநாட்டிலை ஆற்றையோ வீட்டுச் சுவரிலை கண்டவன். தேப்பன் அரிசிச் சாக்கோடை பல்லைக் காட்டிக்கொண்டு நிக்கிறான், கீழை சித்திரை மாதம். அண்டைக்கு முடிவெடுத்தனான்."

"இது நிவாரணம் இல்லை அங்கிள். உங்கடை மகன் அனுப்பினது."

"அது எனக்குத் தெரியும். உனக்குத் தெரியும். படத்துக்குத் தெரியுமோ?"

கம்சிகாவின் கமெரா கீழே இறங்கியது.

"சாமானை வைக்கிறதெண்டால் வையுங்கோ. கொண்டு போறதெண்டால் கொண்டு போங்கோ. வாங்கிக்கொண்டு நிண்டு படம் எடுக்க என்னாலை ஏலாது," என்று எமிலியானுஸ் முடித்தார்.

எல்லோரும் சறோஜினிதேவியைப் பார்த்தார்கள். கச்சேரியில் எத்தனையோ பிடிவாதக்காரரை இரண்டு வசனத்தில் வழிக்குக் கொண்டுவந்த பெண்மணி அவர். அன்று அவர் கம்சிகாவின் கமெராவைப் பார்த்தார். இடம்பெயர்ந்து சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்த காலத்தில் அவரும் அப்படி ஒரு வரிசையில் நின்றவர். கமெராவைக் கண்டதும் வரிசையை விட்டு விலகிப் போனவர். அந்தக் கிழமை வீட்டில் அரிசி இல்லை. அதை அவர் எவருக்கும் சொன்னதில்லை.

"சாமான் உங்கடை. கடகத்தைப் பிறகு வந்து எடுக்கிறம்," என்று சொல்லிவிட்டு அவர் ஓட்டோவை நோக்கி நடந்தார்.

ஓட்டோ சந்தி திரும்பும் வரை டெனிஸ்ரன் பொறுத்திருந்தார். பிறகு கேட்டார்: "அக்கா, படம் இல்லாட்டி?"

"றோட்டைப் பாத்து ஓடும் தம்பி."

படம் இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பது மூவருக்கும் தெரியும்.

சறோஜினிதேவி விரும்பித் தொடங்கிய கடை அல்ல அது. தை மாதம் ஒரு நாள் வங்களாவடிச் சந்தியில் இருந்த கொமினிக்கேசனுக்கு, அதாவது ஊர்ச் சனம் வெளிநாட்டோடு பேசும் தொலைபேசிக் கடைக்கு, அவரை வரச் சொல்லி ரொறன்ரோவிலிருந்து தம்பி நிமலன் அழைத்தார். இப்படி இப்படி ஒரு இன்ரநெற் கடை போட்டிருக்கிறேன், வெளிநாட்டில் இருப்பவர்கள் கணினியில் சாமானைத் தெரிவு செய்து காசு கட்டுவார்கள், தீவில் இருக்கும் அவர்களுடைய வீட்டு வாசலில் நீங்கள் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்றார்.

"எங்கடை பரம்பரையிலை ஆரடா கடை வைச்சது?"

"இது கடை இல்லை அக்கா, இன்ரநெற்."

"சாமானைக் குடுத்துக் காசை வாங்கினால் அது கடை. நீ என்ன பேர் வைச்சாலும் கடைதான்."

"பேர் ஐயாவின்ரை பேர்தான் வைச்சிருக்கிறன்."

சறோஜினிதேவி தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினார். அவர்களுடைய தகப்பன், ஐயா மார்க்கண்டர், வேலணையில் இருபத்தாறு வருடம் விதானையாராக, அந்த ஊரின் அரசாங்கத் தலைமைக்காரராக இருந்தவர். அவர் கையெழுத்து வைத்துக் கொடுத்த கடிதத்தை எந்தக் கந்தோரிலும் இரண்டாம் முறை வாசித்ததில்லை.

"ஆரைக் கேட்டு வைச்சனி?"

"மார்க்கண்டு எண்ட பேரைக் கண்டிட்டுத்தான் அக்கா சனம் கட்டினது. பன்னிரண்டு பேர் ஏற்கனவே காசு கட்டிப் போட்டினம். எல்லாம் எங்கடை தீவு ஆக்கள். சித்திரை வருசப் பிறப்பும் உயிர்த்த ஞாயிறுப் பாஸ்காவும் இந்த முறை ஒரே கிழமையிலை வருது எல்லோ, அதுக்கு."

கடை வேண்டாம் என்று சொல்ல அவருக்கு முடியும். ஐயாவின் பெயரை நம்பிப் பன்னிரண்டு பேர் கொடுத்துவிட்ட சொல்லை வேண்டாம் என்று சொல்ல முடியாது. அதனால் சறோஜினிதேவி அந்த வேலையை எடுத்தார். எடுத்த பிறகு கச்சேரி முறையில் செய்தார். ஓடர் ஒவ்வொன்றுக்கும் தாள்களைக் கோத்து ஒரு கோவை திறந்தார். சாமானை யாழ்ப்பாணத்தில் தானே பார்த்து வாங்கினார். அட்டைப் பெட்டியில் கட்டினால் கடற்படையின் சென்றிக் காவலரணில் பெட்டியை வெட்டிப் பார்ப்பார்கள். கடகம் என்றால் மேலே மூடிய துணியை விலக்கிக் காட்டினால் போதும். ஆகவே சந்தையில் பன்னிரண்டு கடகம் வாங்கி, ஒன்று முதல் பன்னிரண்டு வரை இலக்கமிட்டு, ஒவ்வொன்றிலும் ஐயாவின் பெயரைத் தன் கையால் எழுதினார்.

நிமலன் சொன்ன நிபந்தனை ஒன்றுதான். கட்டிய காசு கடனட்டைக் கம்பனியின் கையில் இருக்கும். சாமான் போய்ச் சேர்ந்ததற்கு அத்தாட்சியாக ஒரு படம் வேண்டும். படத்தில் வாங்கியவருடைய முகமும் தெரிய வேண்டும், ஓடர் இலக்கமும் தெரிய வேண்டும். அனுப்பியவர் அந்தப் படத்தைப் பார்த்துச் சரி என்றால் காசு கடைக்கு வரும். ஏப்ரல் எட்டாம் திகதிக்குள் படம் போகாவிட்டால், சாமான் கொடுபடவில்லை என்ற குறிப்போடு பன்னிரண்டு பேருக்கும் காசு திரும்பிப் போகும். காசு திரும்புவது சறோஜினிதேவிக்குப் பெரிய காரியம் இல்லை. மார்க்கண்டு என்ற பெயருக்குப் பக்கத்தில் 'கொடுபடவில்லை' என்று எழுதி வருமே, அதை நினைத்தால் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

எமிலியானுஸ் வீட்டுக்குப் பிறகு ஐந்து வீடு போனார்கள். மண்கும்பானில் பரிமளம் கடகத்தை உள்ளே எடுத்துவிட்டுக் கதவைப் பாதி சாத்தினார். "படம் நான் செத்தாப் பிறகு எடுங்கோ. அப்ப நான் மறிக்க மாட்டன்," என்று இடைவெளியால் சொன்னார். வள்ளங்களும் வலைகளும் வைத்திருந்த அருளப்பு என்ற சம்மாட்டியார், "கையெழுத்து வேணுமோ, பத்து வைச்சுத் தாறன். கைநாட்டு வேணுமோ, அதுவும் வைக்கிறன். மூஞ்சை மட்டும் தர ஏலாது," என்றார். தீவில் எந்த வீட்டைத் தட்டினாலும் அதற்குள் ஒரு முகாம் இருந்தது, ஒரு வரிசை இருந்தது, ஒரு கமெரா இருந்தது. அதை யோசிக்காமல் ரொறன்ரோவில் இருந்துகொண்டு ஒருவர் நிபந்தனை வைத்தார். இங்கே இருந்துகொண்டு தானும் அதற்குத் தலையாட்டினேனே என்பதுதான் சறோஜினிதேவிக்கு மனத்தில் குத்தியது. ஏழாவது வீட்டிலிருந்து அவர் படம் என்ற பேச்சையே எடுக்கவில்லை. சாமானை மட்டும் கொடுத்துவிட்டுத் திரும்பினார். பன்னிரண்டும் கொடுபட்டன, கையெழுத்தும் வாங்கியாகிவிட்டது. ஒன்றுக்கும் படமில்லை.

மறுபடி கொமினிக்கேசன். அன்று அங்கே ஏழெட்டுப் பேர் தங்கள் முறைக்குக் காத்திருந்தார்கள். கூண்டின் கதவு சரியாகச் சாத்துப்படாது.

"பன்னிரண்டு பேற்றை கையெழுத்தும் என்னட்டை இருக்கு," என்றார் சறோஜினிதேவி.

"கையெழுத்தை ஆரும் வைக்கலாம் எண்டு கம்பனி சொல்லுது அக்கா."

"நான் வைச்சுக் குடுத்திருப்பன் எண்டு சொல்லுறானோ?"

"உங்களைச் சொல்லேல்லை. பொதுவாச் சொல்லுறான்."

"கள்ளர் எண்டு பொதுவாச் சொன்னாலும் அதுக்குள்ளை நான் நிக்கிறன் எல்லோ?"

"அக்கா, ஒரு படம். ஒரே ஒரு நிமிசம் பிடிச்சுக்கொண்டு நிண்டால் என்ன குறைஞ்சு போகும்?"

"நீ வந்து நில்லு. பனிக்குள்ளை இருந்து கதைக்காதை."

வெளியே காத்திருந்தவர்களில் ஒருவர், "சரியான பேச்சு," என்றார். சறோஜினிதேவி அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு நடந்து வரும் வழியில் கம்சிகா மெல்லக் கேட்டாள்: "மாமி, நீங்கள் எண்டால் நிப்பியளோ?"

"மாட்டன்."

"அப்ப கடை?"

"கடையை மூடுவம்."

கச்சேரியில் ஒரு கோவையை மூடுவதென்றால் முதலில் வெளியே போன பொருளைத் திரும்ப எடுக்க வேண்டும். சாமான் அவரவருடையது. கடகம் அப்படியல்ல, அதில் ஐயாவின் பெயர் இருக்கிறது. மூடிய கடையின் பெயரைச் சுமந்துகொண்டு அந்தக் கடகங்கள் வீடு வீடாய்க் கிடந்து, கோழி அடைக்கவும் குப்பை அள்ளவும் போவதை அவர் விடமாட்டார். ஏப்ரல் மூன்றாம் திகதி, சனிக்கிழமை, டெனிஸ்ரனின் ஓட்டோவில் மூவரும் கடகம் திரட்டப் புறப்பட்டார்கள். கமெராவைப் பொதி செய்து நிமலனுக்கு அனுப்பச் சொல்லியிருந்தார் சறோஜினிதேவி. கம்சிகா அதை இன்னும் கழுத்திலிருந்து கழற்றவில்லை.

முதல் வீடு எமிலியானுஸ் வீடு. அடுத்த நாள் குருத்து ஞாயிறு. எமிலியானுஸ் விறாந்தையில் இருந்து ஓலைக் குருத்தைச் சிலுவையாக மடித்துக்கொண்டிருந்தார். மேலில் சட்டை இல்லை.

"வாங்கோ கச்சேரி அம்மா. கமெராவும் வந்திருக்குப் போலை," என்றார்.

"அது சும்மா வந்தது. நான் கடகம் எடுக்க வந்தனான்."

"கடகமோ?" என்று உள்ளேயிருந்து அல்போன்சம்மா குரல் கொடுத்தார். "கொஞ்சம் பொறுங்கோ அம்மா. இண்டைக்கு வருவியள் எண்டு தெரிஞ்சிருந்தால் ஆயத்தமா வைச்சிருப்பன்."

குசினிக்குள் சட்டி பானை உருளும் சத்தம் கேட்டது. கடதாசி கிழிபட்டது. வீட்டின் பின்னால் கோடிப்புறம் ஒருமுறை போய் வந்தார். பிறகு அல்போன்சம்மா வெளியே வந்தார். இடுப்பில் கடகம். அதில் பனங்கிழங்கைக் காயவைத்த ஒடியல், அவித்துக் காயவைத்த புழுக்கொடியல் கட்டுக் கட்டாய், ஒரு பிடி முருங்கைக்காய், கடதாசியில் சுற்றிய பாரைக் கருவாடு.

"என்ன இது?" என்றார் சறோஜினிதேவி.

"வந்த கடகத்தை வெறுமனை அனுப்புறதோ? எங்கடை வீட்டிலை அப்பிடி வழக்கமில்லை." அல்போன்சம்மாவின் குரலில் கொஞ்சம் கோபம் கூட இருந்தது. "கருவாடு நல்ல கருவாடு. இவர் தன்ரை கையாலை உப்புப் போட்டது. விரதமில்லாத நாள் பாத்துச் சமையுங்கோ."

சறோஜினிதேவி கடகத்தைப் பார்க்கவில்லை; அல்போன்சம்மாவைப் பார்த்தார். இரண்டு கிழமைக்கு முன் இதே இடத்தில் இதே கடகத்தின் மேல் குனிந்து நின்ற பெண். இன்று கழுத்து நிமிர்ந்திருந்தது. நாடி உயர்ந்திருந்தது. நடையில் ஒரு வீட்டுக்காரியின் அதிகாரம் இருந்தது. கடகத்தின் பக்கத்தில் சிவப்பு மை: மார்க்கண்டு - 1. முகம் இருக்கிறது. இலக்கம் இருக்கிறது. கோவைக்கு வேண்டியது இரண்டும் ஒன்றாய் நடந்து வருகிறது.

"எமிலியானுஸ்," என்றார் அவர். "நீங்கள் வாங்கிறதைப் படம் எடுக்க விடமாட்டன் எண்டனீங்கள். குடுக்கிறதை எடுக்கலாமோ?"

எமிலியானுஸ் ஓலையைக் கீழே வைத்தார். மனைவியைப் பார்த்தார். கடகத்தைப் பார்த்தார். முகத்தில் முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு எழும்பினார்.

"குடுக்கிறதையோ? அதை ஏன் மறிக்கிறன்? எடுங்கோ. வடிவா எடுங்கோ. பொறுங்கோ, பொறுங்கோ, சேட்டைப் போட்டிட்டு வாறன்."

உள்ளே ஓடினார். அலுமாரிக் கதவு அடிபட்டது. கம்சிகா கமெராவைத் திறந்துவிட்டுத் தயங்கினாள்.

"மாமி, குடுக்கிறதெண்டால் வாங்கிறதுக்கும் ஒராள் நிக்கோணும். டெனிஸ்ரன் அண்ணை வாங்கட்டும். நீங்கள் இங்காலை வாங்கோ."

டெனிஸ்ரன் கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டு முன்னே வந்தார். "நான் நிக்கிறன் அக்கா. எனக்கென்ன மானம், நான் ஓட்டோக்காரன்."

அப்போதுதான் சறோஜினிதேவிக்கு முழுவதும் விளங்கியது. ஒரு படத்தில் ஒருவர் நிமிர்ந்து கொடுக்க வேண்டுமென்றால் இன்னொருவர் கை நீட்டி வாங்க வேண்டும். பன்னிரண்டு படத்திலும் வாங்க வேண்டும். அரிசி போனாலும் போகட்டும் என்று வரிசையை விட்டு வந்தவர் அவர். அவருடைய முகம், வாங்கிய கையோடு, ரொறன்ரோ முழுவதும் பார்க்கும்.

டெனிஸ்ரன் வாங்கினால் என்ன? அது ஓட்டோவில் சாமான் ஏற்றுவது. அதைக் கொடுத்தது என்று எவரும் சொல்லமாட்டார்கள். ஒரு வீட்டார் கொடுப்பதை இன்னொரு வீட்டார் வாங்கினால்தான் அது கொடுத்தது.

"நீர் தள்ளி நில்லும் தம்பி," என்றார். "மார்க்கண்டர் வீட்டுக் கடகம். மார்க்கண்டர் வீட்டாள்தான் வாங்கோணும்."

சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினார். இரண்டு கையையும் நீட்டினார். முதுகு வளையவில்லை, அது அவருக்குத் தெரியாத வித்தை. எமிலியானுஸ் வெள்ளைச் சட்டையின் கடைசித் தெறியைப் பூட்டியபடி ஓடிவந்து மனைவிக்குப் பக்கத்தில் நின்று கடகத்தில் ஒரு கை வைத்தார். கம்சிகா சிரிக்கச் சொல்லவில்லை. ஆனால் எமிலியானுஸ் சிரித்தார். அல்போன்சம்மா சிரித்தார். கமெரா மூன்று முறை சத்தமிட்டது.

பின்பக்கத்துச் சின்னத் திரையில் படத்தைக் காட்டியபோது எமிலியானுஸ் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். "இதைக் கலண்டரிலை போடுறதெண்டால் போடச் சொல்லுங்கோ," என்றார். பிறகு, படத்தை விட்டுக் கண் எடுக்காமல், "உங்கடை ஐயா எங்களோடை நல்ல மாதிரி. ஆனால் படலைக்கு வெளியிலை நிண்டுதான் கதைப்பார். இங்காலை வந்ததில்லை," என்றார்.

"எனக்குத் தெரியும்," என்றார் சறோஜினிதேவி. கடகத்தை டெனிஸ்ரனிடம் கொடுத்துவிட்டு விறாந்தைக் கதிரையில் இருந்தார். "தேத்தண்ணி இருக்குமோ?"

அல்போன்சம்மா குசினிப் பக்கம் திரும்பினார். "தேத்தண்ணி இருக்கு. சீனிதான், மாக்கிறேற் வாங்கிக்கொண்டு போய் இன்னும் திருப்பித் தரேல்லை."

"நான் கட்டிக் கருப்பட்டியோடையும் குடிப்பன்."

மூவரும் குடித்துவிட்டுத்தான் புறப்பட்டார்கள்.

பிறகு மூன்று நாள் அந்த ஓட்டோ ஓய்வெடுக்கவில்லை. போன இடமெல்லாம் சறோஜினிதேவி கடகம் கேட்டார். எவரும் வெறுங்கடகம் கொடுக்கவில்லை. மண்கும்பானில் பரிமளம் மாங்காயும் பயற்றங்காயும் கொண்டுவந்தார். படம் என்று கேட்டதும் கதவை அகலத் திறந்து, "நான் குடுக்கிறதைத்தானே? அந்த வெளிச்சத்திலை நிண்டால் கறுப்பா விழும், இஞ்சாலை வாங்கோ," என்று இடமும் சொன்னார். அருளப்பு கடகம் நிறைய மீன் போட்டார். அதற்கு மேல் போட்ட ஐஸ் வேலணைக்கு வரும் வழியில் உருகி ஒழுகி, டெனிஸ்ரன் இரண்டு நாள் ஓட்டோவைக் கழுவினார். சுருவிலில் ஒரு வீட்டார் உயிரோடு ஒரு கோழியைக் காலைக் கட்டி வைத்தார்கள். அந்தப் படத்தில் சறோஜினிதேவியின் முகம் கொஞ்சம் பின்னால் போயிருக்கும்.

கடைசிக் கடகம் காரைநகரில். ஊர்காவற்றுறையில் வள்ளம் ஏறிப் போக வேண்டும். அந்த வீட்டுக்காரி சீதேவி, சறோஜினிதேவிக்குத் தூரத்துச் சொந்தம். ஒரு கலியாணத்தில் சபையில் முன்னுக்கு இருத்தவில்லை என்ற கோபத்தில் பதினெட்டு வருடம் பேசாமல் இருந்தவர். மகன் அனுப்பிய சாமானை டெனிஸ்ரன் கையால்தான் வாங்கியிருந்தார். இப்போது கடகத்தைக் கொண்டுவந்து நீட்டினார். உள்ளே ஒரே ஒரு தேசிக்காய், சின்ன எலுமிச்சை, கிடந்தது.

கம்சிகா மாமியின் முகத்தைப் பார்க்கப் பயந்து கடலைப் பார்த்தாள். சறோஜினிதேவி இரண்டு கையாலும் கடகத்தை வாங்கினார்.

"ஒரு தேசிக்காய்க்கு ரெண்டு கையோ?" என்றார் சீதேவி.

"ஒண்டெண்டாலும் தந்தது சீதேவி எல்லோ. ஒரு கையாலை வாங்கேலுமோ?"

சீதேவி தேசிக்காயை ஒருமுறை பார்த்தார். "கொஞ்சம் நில்லுங்கோ," என்று சொல்லிவிட்டு உள்ளே போனவர், கையிரண்டிலும் கொள்ளாத ஒரு வாழைக்குலையோடு வந்தார். படம் குலையோடு எடுபட்டது. டெனிஸ்ரன் வள்ளம் வரை அதைத் தோளில் சுமந்தார். அடுத்த முறை தேசிக்காயோடு நிறுத்தச் சொல்லி வழி முழுவதும் கெஞ்சினார்.

ஏழாம் திகதி கம்சிகா முதல் பஸ்ஸில் யாழ்ப்பாணம் போய், மணிக்கணக்கில் கணினியை வாடகைக்கு விடும் ஒரு இன்ரநெற் கடையில் இருந்தாள். ஒரு படம் போவதற்கு இருபது நிமிடம். இரண்டு முறை மின்சாரம் நின்றது. ஒருமுறை தொலைபேசித் தொடர்பு அறுந்தது. பன்னிரண்டாவது படம் போனபோது கடைக்காரர் கதிரைகளை மேசை மேல் கவிழ்க்கத் தொடங்கியிருந்தார்.

எட்டாம் திகதி, பெரிய வியாழன், கொமினிக்கேசனிலிருந்து ஆள் வந்து சறோஜினிதேவியைக் கூப்பிட்டது. அவர் செருப்பைப் போட்டு, குடையை எடுத்து, அவசரப்படாமல் நடந்தார்.

"அக்கா!" நிமலனின் சத்தம் கூண்டுக்கு வெளியேயும் கேட்டது. "பன்னிரண்டு பேரும் ஓம் எண்டு போட்டினம்! டினேஷ் படத்தைப் பாத்திட்டு வேலைக்குப் போகேல்லை அக்கா. அந்தப் படத்தை எல்லாருக்கும் அனுப்பியிருக்கிறான். அம்மா குடுக்கிறா பாருங்கோ, அப்பா குடுக்கிறார் பாருங்கோ எண்டு. கேக்குதோ? இன்னும் எண்பத்தாறு ஓடர் வந்திருக்கு!"

"சத்தம் போடாதை. கேக்குது."

"இன்னொண்டு. அந்தக் கருவாடு விலைக்கு வருமோ எண்டு கேக்கினம். ஒடியல், முருங்கைக்காய் எல்லாம் கேக்கினம். கோழியையும் ஒராள் கேட்டவர்."

"கோழி அனுப்ப ஏலாது எண்டு சொல்லு. மற்றதுக்கு விலை போட்டு எழுதி அனுப்புறன்." சறோஜினிதேவி கொஞ்சம் நிறுத்தினார். "தம்பி, இனிப் படம் என்ன மாதிரி எடுக்கிறது எண்டதை நான் சொல்லுவன். நீ சொல்லுறேல்லை."

"ஓம் அக்கா."

கூண்டை விட்டு வெளியே வந்தபோது காத்திருந்த சனம் வழிவிட்டு நின்றது. எண்பத்தாறு என்ற எண் அவருக்கு முன்னாலேயே சந்தியைத் தாண்டிப் போய்விட்டது. எண்பத்தாறு கடகத்துக்கு ஓலை எங்கே என்று கம்சிகா தலையில் கை வைத்தாள். தீவில் பனை இல்லாத வளவு எது என்று மாமி கேட்டார். உயிர்த்த ஞாயிறு முடிந்த கையோடு எமிலியானுஸ் சைக்கிளில் வேலணைக்கு வந்து, அதே வெள்ளைச் சட்டையோடு, "கருவாட்டு ஓடரை ஆரட்டைக் குடுக்கப் போறியள் எண்டு கேட்டிட்டுப் போக வந்தனான்," என்றார். அவரிடமே கொடுத்தார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் டெனிஸ்ரன் இரண்டாவது ஓட்டோ வாங்கினார். விதானையார் வீட்டு முன்னறையில் ஒரு கணினி வந்தது. கடையின் முகப்பில் எமிலியானுஸ் வீட்டுப் படம் இருந்தது; கொடுப்பவர் இருவர் சிரித்தபடி, வாங்குபவர் ஒருவர் நிமிர்ந்தபடி.

மார்க்கண்டரின் மகள் கையேந்தி வீடு வீடாய்ப் போய், இரந்து வாங்கிய சாமானை விற்றுத்தான் அந்தக் கடையைத் தொடங்கினார் என்றும், அதற்குப் படங்கள் சாட்சி என்றும் ரொறன்ரோப் பக்கம் ஸ்காபரோவில் ஒரு கதை உலாவுகிறது. அது பொய். அவர் ஒரு வீட்டிலும் இரக்கவில்லை. தன் தகப்பன் பெயர் எழுதிய பன்னிரண்டு கடகங்களைத் திருப்பி எடுக்கப் போனார். எடுத்துக்கொண்டு வந்தார்.